தோல் வாரில் கட்டிய நங்கூரம்

வாரத்தில் ஆறு நாள் என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரிக்குச் சொந்தம். ஏழாவது நாளாவது எனக்குக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். அந்த ஏழாவது நாளை ஓர் ஏரி எடுத்துக்கொண்டது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதே பெரிய பாடு. அப்படிக் கிடைத்த நாளில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு வேதக்கோயிலில் ஆண்கள் பக்கத்து வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவரோ விடியற்காலையில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். போதகர் ஐயாவுக்கும் தெரியும்.

கூட்டாளி ஒருவர் இருந்தார். அதே டேனரியில், தோல் ஊறவைக்கும் குழிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. என் வீட்டுக்காரர் மெஷின்களைப் பார்க்கும் ஃபிட்டர். அவர் இவரைத் தோஸ்த் என்பார், இவர் அவரைப் பாய் என்பார். என்னை அவர் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார். சுண்ணாம்பு தின்ற நகங்களும் சத்தமான சிரிப்புமாக வாசலில் வந்து நிற்பார், ஒரு நாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் சமாதானம் சொல்வதுபோல ஆகிவிடும். என் ஞாயிற்றுக்கிழமையைத் திருடியவர் என்ற கோபமும் அவர்மேல் இருந்தது. இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தன.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தெப்பம் செய்திருந்தார்கள். நான்கு லாரி டியூபுகளில் காற்றடித்து, மூங்கில் சட்டத்துக்குள் வைத்துக் கட்டி, மேலே ஒரு பலகை. ஒருவர்தான் உட்காரலாம். ஒருவர் தண்ணீரில் இருந்தால் மற்றவர் கரையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. டியூபைக் குத்திவிடும் என்று செருப்புக்கூடப் போடாமல்தான் ஏறுவார்கள். நீச்சல் என் வீட்டுக்காரருக்குத் தெரியும், பாய்க்குத் தெரியாது. தெப்பம் இருக்கும்போது நீச்சல் எதற்கு என்பார்.

ஏரி ஊருக்கு மேற்கே மலையடியில் இருந்தது. டேனரித் தண்ணீர் எட்டாத ஏரி, அதனால் மீன் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். கோடையில் குட்டை, ஐப்பசி மழையில் கடல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலங்கல் என்று ஒரு கல்கட்டு உண்டு. இடுப்புயரம்தான் இருக்கும். அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், வலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். இந்தப் பக்கம் ஆழம். கலங்கல் பாய ஆரம்பித்தால் மீனெல்லாம் அந்த இழுப்பை நோக்கி வந்து கூடும். இரண்டு மூன்று நாள்தான் அந்தக் கூட்டம். அந்த நாட்களில் கலங்கலுக்கு இருபது கஜம் முன்னால் தெப்பத்தை நிறுத்திவைக்க முடிந்தால் பை கொள்ளாமல் பிடிக்கலாம் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். ஓடுகிற தண்ணீரில் தெப்பம் எப்படி நிற்கும்? அதற்குத்தான் நங்கூரம்.

எனக்கு அந்த யோசனை முதல் நாளே பிடிக்கவில்லை. இழுக்கிற தண்ணீரில் போய் நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்வது என்ன புத்தி என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு விளக்க உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு மெஷின் கிடைத்துவிட்டது, இனி என் பேச்சு எங்கே ஏறும்.

எடைக்கு, டேனரியில் தோல் சுழற்றும் பழைய டிரம்மிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பல்சக்கரம். எட்டுக் கிலோ இருக்கும். அதன் பற்கள் ஏரிக்கடியில் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதில் நைலான் கயிறு. கயிற்றைத் தெப்பத்தின் பக்கவாட்டில் கட்டினால் தண்ணீர் குறுக்கே வந்து மோதிக் கவிழ்த்துவிடும், முன்மூக்கில் கட்டினால்தான் தெப்பம் தண்ணீரைப் பார்த்து நேராக நிற்கும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து மூக்குக்குக் கை எட்டாது. அதனால் தெப்பத்தின் ஒரு பக்கத்தில் முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி. இரண்டையும் சுற்றி ஓடும் கயிறு, அதில் ஓர் இரும்பு வளையம். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் நுழைந்து வரும், அதன் கடைசி முனை பலகைக்குப் பக்கத்தில் சட்டத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். கைக்கெட்டும் இடத்தில் நங்கூரத்தை இறக்கிவிட்டு, ஓடும் கயிற்றை இழுத்தால் வளையம் மூக்குக்குப் போய்விடும். படத்தில் பார்க்கும்போது எனக்கே அழகாக இருந்தது.

கப்பிகள் நான் கொடுத்தவை. காலொடிந்தவர்களுக்கு எடை தொங்கவிடும் கட்டிலில் இருப்பவை. உபயோகமில்லை என்று ஒதுக்கின சாமான்களில் கிடந்ததை ஸ்டோர்க்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன். வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். பிள்ளை இல்லாத வீட்டில் புருஷனோடு எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது.

கப்பிகளை மூங்கிலில் எதனால் கட்டுவது என்று வந்தபோது பாய் முன்னுக்கு வந்தார். கம்பி டியூபைக் கிழிக்கும், சணல் இற்றுப்போகும், தோல்தான் என்றார். பதனிடாத பச்சைத்தோலை நீளநீளமாக வார் கிழித்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு சுற்றிச்சுற்றி இறுக்கி வெயிலில் காயவிட்டார். காய்ந்ததும் அது சுருங்கி எலும்பாகிவிட்டது. நகம் இறங்கவில்லை. நங்கூரக் கயிற்றின் முடிச்சு நழுவக்கூடாது என்று அதன் மேலும் ஒரு சுற்று சுற்றி, மேலே மீன் எண்ணெய் தடவினார்.

நான் கேட்டேன். என் வாயால் கேட்டேன். "தண்ணில ஊறாதா பாய்?"

அவர் சிரித்தார். "ஊற வைக்கறதுதானே பாபி நம்ம வேலையே. காஞ்ச தோலு, குழியில முழுசா மூணு நாள் கெடந்தாதான் எளகும். ஒரு மணி நேரத்துல இன்னா ஆயிடப் போகுது?"

அவர் சொன்னது சரிதான். இருபது வருஷம் அந்தக் குழிகளில் கையை விட்டவர் சொன்ன கணக்கு, அதில் தப்பில்லை.

முதல் தடவை என் வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்தார். மதகு திறந்திருந்த ஒரு நாள், மதகுப் பக்கம் இழுப்பு இருந்தது. நங்கூரம் போட்டார், வளையம் மூக்குக்குப் போனது, தெப்பம் அசையாமல் நின்றது. திரும்பும் நேரம் சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டு வரவில்லை. முடிச்சை அவிழ்க்கலாம் என்றால் அது எலும்பு. இழுக்க இழுக்கத் தெப்பத்தின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியில் கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டுக் கரைக்கு வந்தார். சாயங்காலம் நனைந்த லுங்கியோடு அடுப்பருகே உட்கார்ந்து சொன்னார், "கத்தி இல்லன்னா நான் இல்ல." பயந்துபோய்ச் சொன்னார். அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அன்றுதான். வேறு சக்கரம் கொண்டுவந்து வேறு கயிறு மாட்டி அதே போலத்தான் மறுபடி கட்டினார்கள். கத்தி மட்டும் இனிமேல் பையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று ஆயிற்று.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் சீவும் மெஷினின் உடைந்த பிளேடை என் வீட்டுக்காரர் தேய்த்துத் தீட்டிப் பிடி போட்டது. டியூபில் படாமல் இருக்கப் பாய் அதற்குத் தடித்த தோலில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த எதுவும் அந்தக் கூர்மைக்குப் பக்கத்தில் வராது. எனக்கு அதன்மேல் ஒரு கண் இருந்தது.

அந்த வருஷம் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு முன்பு மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை ஆரம்பித்தது, சனிக்கிழமை மத்தியானம்தான் விட்டது. நான் வார்டில் இருக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தெப்பம் ஏரிக்கரையில் ஒரு புளிய மரத்தடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கு நாள் அது நனைந்தது. சனிக்கிழமை இரவு படுத்திருக்கும்போது மேற்கேயிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, லாரி தூரத்தில் ஏற்றம் ஏறுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். கலங்கல் பாயுது என்று என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். நாளைக்குப் பண்டிகை, காணிக்கைப் பொருள்களை ஏலம் விட நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று போதகர் ஐயாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைவுபடுத்தினேன். அவர் மறுபடி படுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று மாலைதான் நான் கத்தியை எடுத்திருந்தேன். பண்டிகை விருந்துக்குக் கோயில் பின்கட்டில் பெண்கள் எல்லோரும் காய் நறுக்கினோம். மலைபோலப் பூசணிக்காய். என் வீட்டு அரிவாள்மணையால் அந்தத் தோலோடு மல்லுக்கட்ட முடியாது. ஆணியில் தொங்கிய பையிலிருந்து கத்தியை உறையோடு எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனேன். நாளைக்கு யாரும் ஏரிக்குப் போகப் போவதில்லை, திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம். காலையிலும் வேலை இருந்ததால் கூடையைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் பந்தல் போடப் போய்விட்டார். தலைக்குக் குளித்து ஈரம் துவட்டிக்கொண்டிருந்தேன், வாசலில் பாயின் குரல். பை வேண்டும் என்றார். தோஸ்த்துக்கு இன்றைக்கு வர முடியாதென்று தெரியும், கலங்கல் இரண்டு நாள்தான் இப்படிப் பாயும், கரையில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பயமில்லை என்றார். மத்தியானம் மீன் கொண்டுவருகிறேன் மசாலா அரைத்து வையுங்கள் என்றார். நான் ஆணியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கையில் வாங்கி லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குதா பாபி?"

"இருக்குது பாய். போய்ட்டு வாங்க."

மறந்துபோய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் பத்து நிமிஷ நடை. ஈரத் தலையோடு ஓடிப்போய் எடுத்துவர வேண்டும், எனக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. பண்டிகை அன்றைக்கும் மீனா என்று ஓர் எரிச்சல் வேறு. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் போகாமல் இருந்திருப்பார், அல்லது கோயிலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒரு வார்த்தை. அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன், கூப்பிடவில்லை.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சேவலை யாரோ விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரே சிரிப்பு. நான் பின்கட்டில் கடைசிப் பூசணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தேன். டேனரி வாட்ச்மேன் சைக்கிளைக் கேட்டில் சாய்க்காமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். பந்தலில் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு தெருவில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. என் கையில் அந்தக் கத்தி இருந்தது.

வலைக்காரர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். முதலில் தெப்பம் நன்றாகத்தான் நின்றது. பாய் இரண்டு மூன்று மீன்கூடப் பிடித்தார். பிறகு முன்பக்கக் கப்பி தோல்வார்க் கட்டை விட்டு நழுவி வந்துவிட்டது. வளையம் பின்னால் ஓடி நடுப்பக்கத்தில் நின்றது, தெப்பம் குறுக்கே திரும்பியது, தண்ணீர் டியூபுகள்மேல் ஏற ஆரம்பித்தது. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், சக்கரம் வரவில்லை. முடிச்சை இரண்டு கையாலும் பிடுங்கினார், ஊறின வார் விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கியது. அதன் பிறகு பையைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பையைப் பலகைமேல் கவிழ்த்தார். உதறினார். மறுபடி கையை விட்டார். "பீடி தேடறார்னு நெனச்சோம்" என்றார் ஒருவர்.

கயிறு வீசினார்கள், எட்டவில்லை. அந்த இழுப்பில் யாரும் இறங்க முடியவில்லை. தெப்பம் கவிழ்ந்தபோது ஓடும் கயிறு அவர் காலில் சுற்றிக்கொண்டது. நங்கூரக் கயிறு அறுந்திருந்தால் தெப்பம் கலங்கல்மேல் வழுக்கி அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில், அவர்கள் கையில், வந்து விழுந்திருக்கும். அறுக்கக் கையில் எதுவும் இல்லை. நங்கூரம் கடைசிவரை பிடித்த பிடியை விடவில்லை.

தெப்பத்தைக் கரைக்கு இழுத்த பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் கட்டுகளில் விரலை வைத்துப் பார்த்தாராம், விரல் உள்ளே இறங்கியது. பாயின் கணக்கு மூன்று நாள், மழை பெய்தது நான்கு நாள். ஏழு மணிக்கு வாசலில் நின்ற பாய்க்கும் அந்தக் கணக்கு ஞாபகம் வரவில்லை, டேனரி குழியில் கிடக்கும் தோலைத் தவிர வேறு தோல் ஊறும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலமே அடக்கம். அவர்கள் வழக்கப்படி, தொழுகைக்கு முன் மய்யித்தின், அதாவது இறந்தவரின், சொந்தக்காரர் ஒருவர் எழுந்து, இவர் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு, இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். வெளியே நின்றிருந்த என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே, என் கத்தி ஒன்று அவனிடம் இருந்தது, அது போகட்டும், மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். டியூபுக்குப் பயந்து கத்தியைக் கரையில் வைத்துவிட்டு ஏறியிருப்பான், மறந்துபோய்ப் பையில் தேடியிருக்கிறான், அதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவர் முடிவு. அந்த நேரத்தில் கத்தி பெட்டியின் அடித்தட்டில், என் வெள்ளைப் புடவைகளுக்குள் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வரவேயில்லை. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் சொல்வார், "அறிவு கெட்டவன், கத்திய கரையில வச்சுட்டுப் போய்ட்டான்." ஆசையாகத்தான் திட்டுவார். செத்தவரை ஒரு தப்பும் செய்யாததற்குத் திட்டுவதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதுவரைக்கும் அதையே நம்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் கோயிலுக்கு வந்தார். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

பாயின் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார், வெளியே வரக்கூடாது. அது முடிந்த மறுநாள் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாய் ஒரு நாளும் தாண்டாத வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். புர்காவுக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரித்தார். கடையில் வாங்கிய புதுக் கத்தி, மரப்பிடி போட்டது.

"மய்யித்து அன்னிக்கு அண்ணன் சொன்னாராம், மாஃப் பண்ணிட்டேன்னு. அவரு மனசு பெரிசு. ஆனா எனக்குத் தூக்கம் வர்ல அக்கா. அடுத்தவங்க பொருளு அமானத்து, நம்பிக் குடுத்தது. எங்க வீட்டுக்காரரு கையில வாங்கிட்டுப் போனத தொலச்சுட்டாரு. அதோட போய்ட்டாரு."

என் வீட்டுக்காரர் அதெல்லாம் வேண்டாம் என்று பதறினார். அந்த அம்மா கேட்கவில்லை. கத்தியை என் பக்கம் நீட்டினார். வாங்கிய விலை அவர்கள் வீட்டில் எத்தனை வேளைச் சோறு என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து புர்காவைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போனார். அங்கே, பாய் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் பாக்கி இல்லையே அக்கா? எல்லாம் தீந்துச்சா?"

"தீந்துச்சும்மா" என்றேன். "போய்ட்டு வாங்க."